நூலக வாரத்தில் பழம்பதிப்புக் கண்காட்சி: பல்கலைக்கழக நூலகங்களுக்கு முழுமையான வழிகாட்டி

தேசிய நூலக வாரம் நவம்பர் 14 முதல் 20 வரை. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வலுத்திருக்கும் நாட்களும் அவையே. பழைய தாளை அடுக்கிலிருந்து இறக்கிப் பொதுக்கூடத்தில் ஏழு நாள் திறந்து வைக்க ஆண்டிலேயே இதைவிட மோசமான வாரம் கிடைக்காது. ஆனாலும் பூட்டிய அறையில் இருக்கும் 19ஆம் நூற்றாண்டுப் பதிப்புகளும் சுவடிகளும் மாணவர் கண்ணில் படுவது பெரும்பாலும் இந்த வாரத்தில்தான் என்பதால், கண்காட்சியைக் கைவிடவும் மனம் வராது. மழைக்கும் வெளிச்சத்துக்கும் பூச்சிக்கும் திறப்பு விழாவுக்கும் ஈடுகொடுத்து, எடுத்த நூலை எடுத்த நிலையிலேயே திரும்ப அடுக்கில் சேர்க்கும் வழியைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறோம்.

எப்போது தொடங்குவது

ஆகஸ்ட் 12 நூலகர் நாள். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924இல் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதனின் நினைவாகக் கொண்டாடப்படும் நாள். அன்றே வேலையைத் தொடங்கிவிடுங்கள். அங்கிருந்து நவம்பர் 14க்கு 94 நாட்கள் இருக்கின்றன. ஆகஸ்டில் தலைப்பும் முதல் பட்டியலும், செப்டம்பரில் நூல்களின் நிலை ஆய்வும் ஸ்கேனும், அக்டோபரில் பேழைகளும் தாங்கிகளும் விளக்க அட்டைகளும். நவம்பரின் முதல் இரண்டு வாரத்தை வேறு எதற்கும் ஒதுக்காதீர்கள். தீபாவளி விடுமுறை, மழை விடுமுறை, அச்சகத் தாமதம் எல்லாம் அங்கேதான் வந்து சேரும்.

தலைப்பு

'அரிய நூல் கண்காட்சி' என்று மட்டும் பலகை எழுதினால் எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் போகும். கடைசியில் தடிமனான நூல்களும் பொன்னெழுத்து அட்டைகளும்தான் பேழைக்குள் ஏறும். தலைப்பு குறுகலாக இருக்கட்டும்.

ஒரே ஓர் ஆண்டை எடுத்துக்கொள்வது நல்ல உத்தி. 1887ஐப் பாருங்கள். உ.வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பும் சி.வை. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பும் அதே ஆண்டில் வந்தவை. இவற்றோடு அந்த ஆண்டில் வெளிவந்த பள்ளிப் பாடநூல், பஞ்சாங்கம், கிறித்தவத் துண்டு வெளியீடு, நாடக நூல் என்று உங்களிடம் இருப்பவற்றை வைத்தால் ஒரு காலத்தின் வாசிப்பே கண்முன் வந்துவிடும். உங்கள் மாவட்டத்தில் இயங்கிய அச்சுக்கூடங்கள் இன்னொரு தலைப்பு. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்பிருந்த 'றா', 'ணை', 'லை' வடிவங்களை மட்டும் காட்டினாலும் இன்றைய மாணவர் நின்று பார்ப்பார். அவர் அந்த வடிவங்களைப் பள்ளியில் எழுதியதே இல்லை.

எண்ணிக்கை: 120 செ.மீ. நீளப் பேழை ஒன்றுக்கு நான்கைந்து நூல் போதும். நான்கு பேழை என்றால் 20 நூல். 40 நூல்களைப் பட்டியலில் எழுதி, பாதியைக் கழித்து அந்த 20க்கு வாருங்கள். நெருக்கி வைத்த பேழையில் விளக்க அட்டைக்கு இடம் இருக்காது, நூலுக்கும் மூச்சிருக்காது.

எந்த நூல் வெளியே வரலாம்

பழையது என்பதால் பலவீனமானது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1830களில் கந்தல் துணிக்கூழில் செய்த தாள் இன்றும் வளைந்து கொடுக்கும். மரக்கூழ்த் தாள் பரவிய பின் வந்த, குறிப்பாக 1900 முதல் 1950 வரையிலான மலிவுப் பதிப்புகள்தான் தொட்டால் உதிரும். மரக்கூழில் உள்ள லிக்னினும் தாளுக்கு மெருகூட்டச் சேர்த்த படிகாரமும் அமிலத்தை உண்டாக்கித் தாளை உள்ளிருந்தே அரிக்கின்றன. தாள் நொறுங்குமா என்று பார்க்க ஓரத்தை மடித்துப் பார்ப்பது பலருக்குப் பழக்கம். அரிய நூலில் அதைச் செய்யவே கூடாது. நூல் இருந்த தட்டைப் பாருங்கள். பழுப்புத் துணுக்குகள் சிதறிக் கிடந்தால் அந்த நூல் காட்சிக்கு வேண்டாம். அதன் ஒரு பக்கத்தை ஸ்கேன் செய்து அசல் அளவில் அச்சிட்டு வைத்து, 'இது நகல்' என்று அட்டையில் குறிப்பிட்டால் போதும்.

பூச்சித் துளை பழையதா, இன்னும் உயிருள்ளதா என்று தெரிய ஓர் எளிய வழி: நூலைக் கறுப்புத் தாளின் மேல் இரண்டு நாள் அசையாமல் கிடத்துங்கள். மாவு போன்ற தூள் புதிதாக விழுந்திருந்தால் உள்ளே இராமபாணப் பூச்சி வேலை செய்கிறது. அந்த நூலைப் பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி ஒட்டி, ‑20 டிகிரி செல்சியஸ் உறைபெட்டியில் ஒரு வாரம் வையுங்கள். பெட்டி உண்மையில் அந்தக் குளிரைத் தொடுகிறதா என்று வெப்பமானி வைத்துப் பார்ப்பது முக்கியம். வெளியே எடுத்த பின் 24 மணி நேரம் பையைப் பிரிக்கவே கூடாது. குளிர்ந்த நூலின் மேல் அறைக்காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியும், அது பையின் வெளிப்புறத்தில் படிவதோடு நிற்கட்டும். ஓலைச்சுவடிக்கும் கண்ணாடி நெகட்டிவுக்கும் இந்த முறையைப் பாதுகாப்பு வல்லுநர் இல்லாமல் கையாளாதீர்கள்.

தேர்ந்தெடுத்த ஒவ்வொரு நூலுக்கும் நிலைக்குறிப்பு ஒன்று தேவை. முன்னட்டை, பின்னட்டை, முதுகு, மூன்று ஓரங்கள், காட்சிக்குத் திறக்கப் போகும் பக்கம் என ஏழு படங்கள். ஒவ்வொரு படத்திலும் பதிவு எண் எழுதிய சீட்டும் ஓர் அளவுகோலும் இருக்க வேண்டும். கிழிசல், கறை, தளர்ந்த தையல் ஆகியவற்றை எழுத்திலும் பதிவு செய்யுங்கள். வெளியாரிடம் இரவல் வாங்கும் நூல் என்றால் இந்தக் குறிப்பில் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். 'கிழிசல் முன்பே இருந்ததா' என்ற பேச்சு எழும்போது கையில் இருக்கும் ஒரே சான்று இதுதான்.

நூலைக் கையாள வெள்ளைத் துணிக் கையுறை வேண்டியதில்லை. உறை போட்ட விரலுக்குத் தாளின் ஓரம் தெரியாது, கிழிப்பதுதான் மிச்சம். சோப்புப் போட்டுக் கழுவி நன்றாக உலர்த்திய கை போதும். சானிடைசரும் கைக்குப் பூசும் கிரீமும் கூடாது. ஒளிப்படங்களைத் தொடும்போது மட்டும் நைட்ரைல் கையுறை.

முகப்புப் பக்கத்தின் ஆண்டைக் கணிப்பது

கண்காட்சிகளில் மிக அதிகமாகத் தவறாகும் விவரம் ஆண்டுதான். பழைய முகப்புப் பக்கத்தில் 'இஃது இன்னாரால் பரிசோதித்து, இன்ன அச்சுக்கூடத்திற் பதிப்பிக்கப்பட்டது' என்ற வரியின் கீழ், 'பிலவ வருஷம் தை மாதம்' என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுச் சுற்றில் பிலவ 35ஆவது ஆண்டு. அண்மையில் வந்த பிலவ 2021 சித்திரையில் தொடங்கியது. அறுபது அறுபதாகப் பின்னுக்குப் போனால் 1961, 1901, 1841.

இங்கே இரண்டு இடத்தில் சறுக்கல் நேரும். முதலாவது, மாதம். தமிழ் ஆண்டு ஏப்ரல் நடுவில் தொடங்குவதால் 1901இல் தொடங்கிய பிலவ ஆண்டின் தை மாதம் 1902 சனவரி நடுவில்தான் வரும். மார்கழியின் பிற்பாதி முதல் பங்குனி முடிய உள்ள நாட்களுக்கு ஓராண்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும். மாதம் அச்சாகாத நூலுக்கு '1901-02' என்றே எழுதுங்கள். இரண்டாவது, சுற்று. 1841ஆ 1901ஆ என்பதை நூலே சொல்லும், தேடிப் பார்க்க வேண்டும். பதிப்பாசிரியரின் வாழ்நாள், அச்சுக்கூடம் இயங்கிய காலம், சாற்றுகவி (நூலைப் பாராட்டும் செய்யுள்) தந்தவர்களின் பெயர், பின்னட்டை விளம்பரம் ஆகியவை உதவும். 1867ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் நூற்பதிவுச் சட்டம் அச்சிட்டவர் பெயரையும் இடத்தையும் நூலில் குறிப்பிட வேண்டும் என்று விதித்தது. ஆகவே அச்சக விவரமே இல்லாத நூலைக் கண்டால் 1867க்கு முந்திய சுற்றையும் கணக்கில் எடுங்கள். அது ஒரு குறிப்பு மட்டும், அதை வைத்தே முடிவு கட்ட வேண்டாம்.

சாலிவாகன சகாப்தம் (சக ஆண்டு) இருந்தால் 78ஐக் கூட்டுங்கள் (சனவரி முதல் ஆண்டு முடியும்வரை 79). திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்து நூல்களில் கொல்லம் ஆண்டு வரும். ஆவணி முதல் மார்கழி நடுவரை 824, அதற்குப் பின் 825. உங்கள் நூலகப் பட்டியலில் ஏற்கெனவே உள்ள ஆண்டை நம்பி அட்டை எழுதாதீர்கள். மறுபதிப்பில் முதற்பதிப்பின் முன்னுரைத் தேதியே அச்சாகியிருக்கும், பட்டியலிட்டவர் அதையே பதிப்பாண்டாக எடுத்திருப்பார். சந்தேகம் வந்தால் ஒவ்வொரு முறையும் முகப்புப் பக்கத்தையும் முன்னுரையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தவறு கண்டால் பட்டியலையும் அன்றே திருத்திவிடுங்கள். கண்காட்சியால் நூலகத்துக்குக் கிடைக்கும் நிலையான ஆதாயங்களில் இது ஒன்று.

பட்டியலிலும் அடுக்கிலும் குறிப்பு

நூலை எடுத்த அன்றே கோஹா நூலக மென்பொருளில் அதன் நிலையைக் 'காட்சியில் உள்ளது, இரவல் இல்லை' என்று மாற்றுங்கள். அடுக்கில் அதன் இடத்தில் ஒரு பதிலி அட்டை: நூற்பெயர், பதிவு எண், எடுத்த தேதி, எடுத்தவர் கையொப்பம், திரும்பும் தேதி. இந்த இரண்டும் இல்லாவிட்டால் அடுத்த இருப்புச் சரிபார்ப்பில் அந்த நூல் 'காணவில்லை' பட்டியலில் ஏறிவிடும். பேழைக்குள் பத்திரமாக இருந்த நூலைத் தணிக்கைக்காகத் தேடுவது எல்லாருக்கும் வீண் வேலை.

பேழை, ஈரப்பதம், வெளிச்சம்

பேழையில் தொடங்குவோம். விருந்தினர் வருகிறார் என்று பழைய ஷோகேஸுக்கு முந்தைய வாரம் வார்னிஷோ எனாமல் பெயிண்டோ அடிப்பது பல இடங்களில் நடக்கும். புதுப் பூச்சும் பிளைவுட்டும் விடும் அமில ஆவி மூடிய கண்ணாடிக்குள் தங்கித் தாளைத் தாக்கும். பூச வேண்டுமென்றால் அக்டோபர் முதல் வாரத்துக்குள் முடித்து, கதவைத் திறந்தே நான்கு வாரம் காற்றாட விடுங்கள். விரிப்புக்கு வெல்வெட் வேண்டாம், ஈரம் பட்டால் சாயம் ஒட்டும். காடாத் துணியை இரண்டு முறை துவைத்து, கஞ்சி போடாமல் விரியுங்கள். கஞ்சி வெள்ளிமீன் பூச்சிக்குத் தீனி.

அடுத்து ஈரம். தாளுக்கு 45 முதல் 55 சதவீத ஒப்பீரப்பதம் ஏற்றது. 65ஐத் தாண்டி நீடித்தால் பூஞ்சை முளைக்கும். நவம்பரில் கடற்கரை ஊர்களில் கூடத்தின் ஈரப்பதம் 80ஐச் சாதாரணமாகத் தொடும். கூடத்துக்கு ஒன்று, ஒவ்வொரு பேழைக்கும் ஒன்று என ஈரப்பதமானி வேண்டும். வாங்கியதும் அதைச் சோதியுங்கள்: பாட்டில் மூடியில் சாதாரண உப்பைச் சிறிது நீர் விட்டுக் கூழாக்கி, மானியோடு ஜிப் பையில் போட்டு மூடி, ஓர் இரவு வைத்தால் 75 காட்ட வேண்டும். 79 காட்டினால் அந்தக் கருவியில் எப்போதும் 4ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.

ஏசி விஷயத்தில் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். பகலில் ஓட்டி மாலை ஐந்துக்கு அணைத்தால், குளிர்ந்த கண்ணாடியையும் நூலையும் இரவின் ஈரக்காற்று சூழும். ஈரப்பதம் சில மணி நேரத்திலேயே 50இலிருந்து 80க்கு எகிறும். மறுநாள் காலை மீண்டும் இறங்கும். தாளும் தோலட்டையும் தினமும் விரிந்து சுருங்குவதால் வரும் சேதம், சீராக 65இல் இருப்பதைவிடக் கொடியது. 24 மணி நேரமும் ஓட்ட அனுமதி உண்டென்றால் ஓட்டுங்கள். இல்லையென்றால் ஏசியைத் தொடவே வேண்டாம். மின்விசிறியும் இறுக்கமாக மூடிய பேழையும் சிலிக்கா ஜெல்லும் போதும்.

சிலிக்கா ஜெல்லின் அளவு: அருங்காட்சியக வழக்கப்படி ஒரு கன மீட்டர் கொள்ளளவுக்கு 20 கிலோ. 120 × 60 × 30 செ.மீ. பேழையின் கொள்ளளவு 0.216 கன மீட்டர், ஆக ஏறத்தாழ 4.3 கிலோ. முழுக்க உலர்ந்த ஜெல்லை அப்படியே வைத்தால் அது தாளிலும் ஓலையிலும் உள்ள ஈரத்தையும் உறிஞ்சிவிடும், ஓலை வெடிக்கும். ஆகவே அக்டோபரிலேயே ஜெல்லைத் தட்டில் பரப்பி, ஈரப்பதம் 50 சதவீதத்தில் நிற்கும் ஏசி அறையில் இரண்டு வாரம் பழக்குங்கள். பிறகு காடாத் துணிப் பையில் கட்டிப் பேழையின் அடித்தட்டில், நூலைத் தொடாமல் வையுங்கள். நிறம் மாறும் வகை வேண்டுமென்றால் ஆரஞ்சு நிறத்தது வாங்குங்கள். நீல நிறத்ததில் கோபால்ட் குளோரைடு உள்ளது, அது நச்சு.

வெளிச்சம் ஏற்படுத்தும் சேதம் கூடிக்கொண்டே போகும், திரும்பாது. 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) என்பது தாளுக்கான வரம்பு. நாளுக்கு 8 மணி நேரம், 7 நாள் என்றால் மொத்தம் 2,800 லக்ஸ்-மணி. அதே நூலை 500 லக்ஸ் உள்ள வாசிப்புக் கூட மேசையில் ஒரே நாள் வைத்தால் 4,000. ஒரு வாரத்துக்கான அளவை ஒரே பகலில் தாண்டிவிடுகிறோம். லக்ஸ் மீட்டரை நூலின் பக்கத்தின் மேல் படுக்கவைத்து அளவிடுங்கள். கூடத்தின் நடுவில் நின்று அளந்தால் பயனில்லை. சன்னலோரம் பேழை வைக்காதீர்கள். மேகமூட்டமான நாளில் வைத்துவிட்டு, வெயில் வந்த நாளில் மறப்பதுதான் வழக்கமாக நடப்பது. பேழைக்குள் விளக்கு இருந்தால் கழற்றிவிடுங்கள், அது உள்ளே சூடேற்றி ஈரப்பதத்தைக் கலைக்கும். வெளியே மேலிருந்து மங்கலான எல்இடி போதும். 50 லக்ஸ் முதலில் இருட்டாகத் தோன்றும். கூடத்தின் மற்ற விளக்குகளையும் குறைத்துவிட்டால் இரண்டு நிமிடத்தில் கண் பழகிவிடும்.

தாங்கி செய்வது

திறந்த நூலை மேசை மேல் மல்லாக்கப் படுக்கவைத்தால் முதுகுத் தையல் அறும். ஒவ்வொரு நூலுக்கும் அதன் அளவுக்கே ஒரு தாங்கி வேண்டும். தேவையானவை: 1.5 மி.மீ. அமிலமற்ற மவுண்ட் போர்டு, இரும்பு அளவுகோல், கட்டர், மடிப்புக் கத்தி.

காட்டப் போகும் பக்கத்தைக் கையில் திறந்து, நூல் தானாக எங்கே நிற்கிறதோ அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேல் அழுத்த வேண்டாம். இறுக்கத் தைத்த நூல்கள் 90 டிகிரியிலேயே நின்றுவிடும். எதற்கும் 120ஐத் தாண்டாதீர்கள். இனிக் கணக்கு. அட்டையின் அகலம் 14 செ.மீ., திறப்பு 120 டிகிரி என்றால் ஒவ்வொரு பக்கமும் மேசையிலிருந்து 30 டிகிரி உயரும். செங்குத்துத் தாங்கலின் உயரம் அட்டையகலத்தில் பாதி, அதாவது 7 செ.மீ.; அடிப்பகுதி 12.1 செ.மீ. 90 டிகிரித் திறப்பு என்றால் பக்கம் 45 டிகிரி, உயரமும் அடியும் 9.9 செ.மீ.

போர்டை ஒரே நீள்துண்டாக வெட்டுங்கள். அதன் அகலம் நூலின் உயரத்தைவிட 5 மி.மீ. குறைவு, அப்போதுதான் தாங்கி வெளியே தெரியாது. மடிப்புகளை இந்த வரிசையில் கோடிடுங்கள்: இடது அடி, இடது செங்குத்து, இடது சரிவு, முதுகுத் தட்டு, வலது சரிவு, வலது செங்குத்து, வலது அடி. முதுகுத் தட்டின் அகலம் நூல் முதுகின் பருமனோடு 2 மி.மீ. கூடுதல். மடித்து, இரு அடிகளையும் உள்பக்கம் திருப்பி முதுகுத் தட்டின் கீழ் ஒட்டினால் தாங்கி நிற்கும். நூலின் தொடக்கத்திலோ முடிவிலோ உள்ள பக்கத்தைக் காட்டும்போது ஒருபுறம் தாள்கட்டு தடிமனாகவும் மறுபுறம் அட்டை மட்டுமாகவும் இருக்கும். மெலிந்த பக்கத்துச் சரிவின் மேல் போர்டு துண்டுகளை அடுக்கி இருபுறத்தையும் சமமாக்குங்கள். இதை விட்டுவிட்டால் இரண்டாம் நாளே நூல் ஒருபக்கம் சாய்ந்து தையலை இழுக்கும்.

பக்கங்கள் புரளாமல் இருக்க 1 செ.மீ. அகலத்துப் பாலியெஸ்டர் பட்டையைத் தாள்கட்டையும் அட்டையையும் சேர்த்துச் சுற்றி, அட்டைக்குப் பின்னால் பட்டையோடு பட்டையை இருபக்க ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். பசை நூலைத் தொடவே கூடாது. பட்டைக்கும் தாளுக்கும் நடுவே நகம் நுழையும் தளர்வு இருக்க வேண்டும். பாலியெஸ்டரின் ஓரம் கூர்மையானது, இறுக்கினால் தாளின் விளிம்பை அறுத்துவிடும். ரப்பர் பேண்ட், செல்லோடேப், குண்டூசி, ஒட்டுச்சீட்டு எதுவும் பேழைக்குள் நுழையக் கூடாது.

ஓலைச்சுவடி

சுவடிக்கட்டை விசிறிபோல் விரித்து வைப்பது பார்க்க அழகு. ஆனால் ஒவ்வோர் ஏடும் கயிற்றுத்துளையில் தொங்கி, துளையிலிருந்தே பிளக்கும். கட்டைச் சட்டங்களோடு மூடியபடி வைத்து, அருகில் ஓர் ஏட்டை மட்டும் சமதளத்திலோ 15 டிகிரிக்கு மிகாத சரிவிலோ கிடத்துங்கள். ஏட்டை எடுக்கும் முன் எல்லா ஏடுகளையும் வரிசையாகப் படமெடுத்துவிட வேண்டும். இடது ஓரத்தில் தமிழ் எண்ணில் ஏட்டெண் இருக்கும், ௰௨ என்றால் 12. எண் சிதைந்த ஏடுகள் இடம் மாறிவிட்டால் அவற்றை வரிசைப்படுத்த அந்த நூலையே படித்தாக வேண்டும்.

எழுத்து மங்கலாக இருக்கிறது என்று கண்காட்சிக்கு முதல் நாள் கரி தடவி, புல்தைலம் பூசுவதைத் தவிருங்கள். தைலம் ஊறாமல் மேலே நிற்கும், தூசி முழுவதும் ஒட்டும். எழுத்தாணியால் கீறிய ஏட்டுக்கு உரிய பராமரிப்பு அது, அதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே, பயிற்சி பெற்றவர் கையால் செய்ய வேண்டும். மையால் எழுதிய, வண்ணம் தீட்டிய ஏடுகளில் தைலம் படவே கூடாது. காட்சிக்கு ஏட்டின் மேல் பக்கவாட்டில் ஒளி விழும்படி விளக்கைத் திருப்பினால் கீறல்கள் நிழலோடு தெரியும், கரியில்லாமலே படிக்கலாம்.

விளக்க அட்டை

அதிகம் போனால் 50 முதல் 60 சொல். அதற்கு மேல் நின்று படிக்க மாட்டார்கள். 22 புள்ளிக்குக் குறையாத எழுத்து, பளபளப்பில்லாத தாள், லேமினேஷன் வேண்டாம். முதலில் நூல், ஆசிரியர், பதிப்பித்தவர், ஊர், ஆண்டு. பிறகு அந்த நூலை ஏன் நின்று பார்க்க வேண்டும் என்பதற்கு ஒரே ஒரு காரணம். ஒரு மாதிரி:

'கலித்தொகை, நச்சினார்க்கினியர் உரையுடன். பதிப்பித்தவர்: சி.வை. தாமோதரம் பிள்ளை. 1887. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த இவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர். எட்டுத்தொகையுள் ஒன்றான இந்நூல் இப்பதிப்பால் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்தது. உ.வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு வெளியானதும் இதே ஆண்டில்தான்.'

'மிகவும் அரிய', 'விலைமதிப்பற்ற' என்ற அடைமொழிகளை நீக்கினால் இன்னொரு செய்திக்கு இடம் கிடைக்கும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றியிருந்தால் கொம்புகளும் ஸ்ரீயும் இடம் மாறியிருக்கும், அச்சுக்குப் போகும் முன் காகிதத்தில் எடுத்து மெய்ப்புப் பாருங்கள். க்யூஆர் குறி 3 செ.மீ. பக்கத்துக்குக் குறையாமல், பேழையின் வெளியே இருக்கட்டும், உள்ளே வைத்தால் கண்ணாடிப் பளபளப்பில் சிக்காது. அது நிகழ்ச்சிப் பக்கத்துக்குப் போகாமல், நூலகத்தின் டிஸ்பேஸ் மின்னணுக் களஞ்சியத்தில் உள்ள ஸ்கேனின் நிலையான முகவரிக்குப் போக வேண்டும். நிகழ்ச்சிப் பக்கங்கள் அடுத்த ஆண்டே அழிந்துவிடும்.

ஸ்கேனை இணையத்தில் ஏற்றும் முன் பதிப்புரிமையைப் பாருங்கள். இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1960இல் இறந்தவரின் நூல் 2021 சனவரி 1 அன்று பொதுவுடைமையாகிறது. இலங்கையில் 70 ஆண்டு. உரையாசிரியர், முன்னுரை எழுதியவர், ஓவியர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும்.

திறப்பு விழா

குத்துவிளக்கை வாசலிலேயே ஏற்றுங்கள். பேழைகள் உள்ள கூடத்துக்குள் எண்ணெயும் புகையும் ஊதுபத்தியும் வேண்டாம். பூச்சாடியும் மாலையும் ஈரத்தோடு பூச்சியையும் கொண்டுவரும், அவையும் வாசலோடு நிற்கட்டும். பழைய நூலின் மேல் சந்தனம் குங்குமம் வைக்கும் வழக்கம் சரசுவதி பூசையன்று எங்கும் உண்டு. அரிய நூல்களுக்குப் பதில் அன்றைய புதிய வரவுகளை வைத்துப் பூசை செய்யலாம் என்று முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்லிவைப்பது நல்லது. சிறப்பு விருந்தினர் நூலைக் கையில் எடுத்துப் புரட்டும் படம் வேண்டுமென்று ஒளிப்படக்காரர் கேட்பார். அதற்கென்று ஒரு நகல் பதிப்பைத் தயாராக வையுங்கள்.

வாரத்தின் நிகழ்ச்சிகளும் செய்தியும்

சுற்றிக் காட்டுவது ஒரு குழுவுக்கு 12 பேர், 20 நிமிடம். அதைவிடப் பெரிய குழுவில் பின்வரிசைக்குப் பேழை தெரியாது. மாணவர்களிடம் மிக நன்றாக எடுபடும் பயிற்சி முகப்புப் பக்கத்தை வாசிப்பது: ஐந்து முகப்புப் பக்கங்களின் நகலைக் கொடுத்து ஆண்டையும் ஊரையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அறுபதாண்டுப் பட்டியலை மட்டும் கையில் கொடுத்தால் போதும். இன்னொரு நாள் எழுத்தாணியும் பதப்படுத்திய வெற்றோலையும். மூன்றாவதாக, பொதுவுடைமையான ஒரு நூலின் ஸ்கேனை வைத்துத் தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்க்கும் அமர்வு. 'உங்கள் வீட்டுப் பழைய நூலைக் கொண்டுவாருங்கள்' நாள் நடத்துவதானால் கட்டாயம் வேறு அறையில். வீட்டுப் பெட்டியிலிருந்து வரும் நூலோடு பூச்சியும் வரலாம்.

பத்திரிகைக் குறிப்பு ஐந்து நாள் முன்னதாக, 200 சொல்லில். முதல் பத்தியிலேயே நாள், நேரம், இடம், அனுமதி யாருக்கு என்பது இருக்க வேண்டும். நாளிதழ்களின் 'இன்றைய நிகழ்ச்சி' பகுதிக்கு ஒற்றை வரி தனியாக அனுப்புங்கள். வரிசையாக நிற்கும் பிரமுகர்களின் படத்தைவிட, ஒரு முகப்புப் பக்கத்தின் தெளிவான படத்தைப் பக்க வடிவமைப்பாளர் எளிதில் எடுத்துக்கொள்வார். சமூக ஊடகத்துக்கு நாளொரு நூல் என ஏழு பதிவுகள். ஏழையும் நவம்பர் 10க்குள் எழுதி முடித்துவிடுங்கள். வாரம் தொடங்கிய பின் எழுத நேரமே கிடைக்காது.

தினமும் காலை, மதியம், மூடும்போது என மூன்று வேளை பேழைகளின் ஈரப்பதத்தைக் குறியுங்கள். 60ஐத் தாண்டினால் பழக்கிய ஜெல்லின் இரண்டாம் பையை வையுங்கள். 65ஐத் தாண்டி ஒரு நாள் முழுக்க நின்றால் அந்தப் பேழையை மூடி, நூலை உள்ளே எடுத்துவிட்டு நகலை வையுங்கள். பார்வையாளர் புரிந்துகொள்வார்கள்.

கலைப்பதும் அதற்குப் பின்னும்

20ஆம் தேதி மாலை அவசரமாகக் கலைக்காதீர்கள். மறுநாள் காலை, கூட்டமில்லாத கூடத்தில், ஒருவர் நூலை எடுக்க மற்றொருவர் ஏழு படங்களோடு ஒப்பிட்டுக் கையெழுத்திடட்டும். பட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டும்போது வெட்டு அட்டைக்குப் பின்பக்கமாகவே இருக்க வேண்டும். நூல் அடுக்குக்குத் திரும்பியதும் பதிலி அட்டையை எடுத்து, கோஹாவில் நிலையைப் பழையபடி மாற்றுங்கள். தாங்கிகளில் பதிவு எண் எழுதித் தட்டையாக மடித்து வைத்தால் அடுத்த முறைக்கும் ஆகும். நிலைக்குறிப்பில் எந்தப் பக்கம், எத்தனை லக்ஸ்-மணி வெளிச்சத்தில் இருந்தது என்று சேர்த்து எழுதுங்கள். அடுத்த காட்சிக்கு வேறு பக்கத்தைத் திறக்க வேண்டும்.

அடுத்த சில வாரங்களில் ஓரிரு ஆய்வு மாணவர்கள் வந்து, பேழையில் கண்ட நூலை முழுவதும் பார்க்க வேண்டும் என்று கேட்பார்கள். அவர்களுக்கு முதலில் ஸ்கேனைக் காட்டுங்கள். பக்க விளிம்பின் குறிப்புகள், தாளின் தன்மை, கட்டமைப்பு போன்றவற்றுக்காக அசலே வேண்டுமென்றால் அரிய நூல் அறையில் ஆப்பு வடிவ ஃபோம் தாங்கி இரண்டு, பென்சில் மட்டும், ஒரு நேரத்தில் ஒரு நூல். கேட்டவர் பெயரையும் கேட்ட நூலையும் ஒரு பதிவேட்டில் எழுதி வாருங்கள். அடுத்து எதை ஸ்கேன் செய்வது, எந்த நூலின் முதுகைச் செப்பனிடுவது என்று முன்னுரிமை வகுக்க அந்தப் பதிவேடே போதும்.